மீனுக்கு வைத்த தண்ணீர்

பாம்பனில் பிறந்தும் சூசைமுத்துவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. வள்ளம் கரையை விட்டுக் கொஞ்சம் விலகினாலே குடல் புரண்டுவிடும். வாலிபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு சில காலம் போய்த்தான் பார்த்தான். வலை இழுக்கிற நேரத்தில் வள்ளத்தின் ஓரத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாந்தியெடுத்துக் கிடப்பான். கூட வந்தவர்கள் சிரிப்பார்கள். சந்தியாகு மட்டும் சிரிக்கமாட்டான். ஒரு கையில் வலைக் கயிறு, மறு கையில் இவனுடைய இடுப்பு வேட்டி என்று இரண்டையும் பிடித்துக்கொண்டு, "ஏலே சூசை, தண்ணியப் பாக்காத. கரையப் பாரு, கரையப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். பங்கு பிரிக்கும்போது, "அவனும்தான வந்தான்" என்று இவனுக்கும் ஒரு கூறு தள்ளி வைப்பான்.

கடைசியில் ரயில்வே ஸ்டேஷனில் விளக்கு பார்க்கிற வேலை கிடைத்தது. கைகாட்டி விளக்குகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, திரியைக் கத்தரித்து, பொழுது சாய்வதற்குள் ஏற்றி வைக்க வேண்டும். நல்ல வேலைதான். ஆனால் தெருவில் அவன் பேச்சு எடுபடவில்லை. நாலு பேர் காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிப் பேசும் இடத்தில் அவன் வாயைத் திறந்தால், "நீ போய் வெளக்கத் தொடச்சு வையி மச்சான்" என்று யாராவது சொல்வார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு எழுந்து வந்துவிடுவான்.

அப்படி இருந்தவனை நாலு பேர் தேடி வரும்படி செய்தவை மீன்கள்தான்.

அவன் மனைவி யாகப்பம்மாளின் தம்பி எட்வர்ட், பினாங்குக் கப்பலில் வேலை பார்த்தவன். ஒருமுறை லீவில் வந்தபோது, வைக்கோல் திணித்த பிஸ்கட் டப்பாவுக்குள் ஹார்லிக்ஸ் பாட்டில்களைப் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தான். ஒன்றில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் ஆண் மீன். நீலமும் சிவப்புமாக, உடம்பைவிடப் பெரிய செட்டைகளைப் பட்டுத்துணி போல அலையவிட்டுக்கொண்டு நின்றது. மற்றதில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டை.

"இது சண்டை மீன் மச்சான். ரெண்டு ஆணை ஒண்ணா விட்டா ஒண்ணுதான் மிஞ்சும்" என்றான் எட்வர்ட். "வளக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல. மேல வந்து காத்தைக் குடிச்சுக்கும். அந்த ஊருல வயக்காட்டுல எருமை மிதிச்ச குழித் தண்ணியிலயே கெடக்கும். நல்ல தண்ணியா இருந்தாப் போதும், உப்புத்தான் ஆகாது."

முதலில் தெருவே சிரித்தது. கடலுக்குப் போகாதவன் பாட்டிலில் மீன் பிடித்து வைத்திருக்கிறான் என்றார்கள். ஆனால் பாட்டிலுக்கு எதிரே அவன் முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்ட, அந்த மீன் செவுளை விரித்துச் சிலிர்த்துக்கொண்டு தன் நிழலோடு மோத வந்ததைப் பார்த்தவர்கள் சிரிப்பை விட்டார்கள். பிறகு தங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கன்னியாஸ்திரீகள் வந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டம்மா வந்தார். சூசைமுத்து மண்ணெண்ணெய் வாடை போகச் சீயக்காய் போட்டுக் கை கழுவிவிட்டு, ஒவ்வொருவருக்கும் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினான். பேசக் கற்றுக்கொண்டான்.

மாசி மாதத்தில் ஆணையும் பெட்டையையும், கடைகளில் மிட்டாய் போட்டு வைக்கும் பெரிய ஜாடியில் சேர்த்துவிட்டான். மேலே மிதக்கவிட்ட வாதாங்கொட்டை இலைக்கு அடியில் ஆண் மீன் எச்சில் குமிழாக நுரைக்கூடு கட்டியது. பெட்டை இட்ட முட்டைகளை வாயால் பொறுக்கிக்கொண்டுபோய் நுரைக்குள் ஒட்டவைத்தது. கீழே நழுவி விழுந்ததைத் திரும்பத் திரும்ப வாயில் கவ்வி மேலே கொண்டுசேர்த்தது. பெட்டையை எடுத்துத் தனியே விட்டான். சில நாளில் நுரைக்கடியில் தூசி தொங்குவதுபோலக் குஞ்சுகள் தொங்கின.

அந்தச் சமயத்தில்தான் நயினார்கோவில் பக்கத்து நிலக்காரர் வீரபத்திரன், ராமேஸ்வரம் போகிற வழியில் ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லக் கேட்டு மீனைப் பார்க்க வந்தார். பார்த்தவர் அசந்துபோனார். "நம்ம வீட்டு ஹால்லயும் கண்ணாடித் தொட்டி செஞ்சு வைக்கணும். நம்ம சூசையக் கேட்டுத்தான் எல்லாம் செய்யணும்" என்று ஸ்டேஷன் மாஸ்டரிடமே சொன்னார். வருகிற குருத்து ஞாயிறன்று வீட்டாரோடு வந்து குஞ்சுகளைப் பார்ப்பதாகச் சொல்லிப்போனார்.

நம்ம சூசை. அந்த வார்த்தையை நினைத்து நினைத்து ருசித்தான் சூசைமுத்து.

அந்த வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. தெருக் கிணற்றுத் தண்ணீர் எப்போதுமே உவர். இப்போது வாயில் வைக்க முடியாமல் கரித்தது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமானால் தென்னந்தோப்புக்குப் பின்னால் மணலில் ஊற்றுத் தோண்டி, தேங்காய்ச் சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தை நிரப்ப வேண்டும். யாகப்பம்மாள் விடியுமுன் போவாள். வெயில் ஏறித்தான் திரும்புவாள். அந்த ஒரு குடத்திலிருந்து சூசைமுத்து தினமும் கொஞ்சம் எடுத்து ஒரு பானையில் சேர்த்து, தட்டுப் போட்டு மூடி உள்ளறையில் வைத்தான்.

"நான் இடுப்பொடியச் சுமந்துட்டு வாரேன். நீங்க மீனைக் குளிப்பாட்டவா?" என்றாள் யாகப்பம்மாள்.

"அய்யா வந்துட்டுப் போகட்டும். ஜாடி கண்ணாடியா இருக்க வேண்டாமா?"

சனிக்கிழமை காலை யாகப்பம்மாள் ஊற்றுக்குப் போயிருந்தபோது, சந்தியாகுவின் மனைவி லீமாரோஸ் வாசலில் வந்து நின்றாள். அவர்கள் வீடு தெருக்கோடியில் இருந்தது. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. கையில் ஒரு செம்பு.

"அண்ணே, அவுகளுக்கு ராத்திரியிலேர்ந்து வாந்தியும் பேதியும். கண்ணு உள்ள போயிருச்சு. விட்டுட்டு ஊத்துக்குப் போக முடியல. ஒரு செம்பு நல்ல தண்ணி இருந்தாக் குடுங்களேன். கஞ்சித் தண்ணியாக் காச்சிக் குடுப்பேன்."

உள்ளறைப் பானை சூசைமுத்துவின் கண் முன்னால் வந்தது. அதில் முக்கால்வாசி இருந்தது. ஒரு செம்பு எடுத்தால் ஜாடி நிறையாதோ என்று பட்டது. நாளைக்கு வீரபத்திரன் வருவார்.

"இல்லையேம்மா" என்றான். சொல்லிவிட்டதை அவன் காதே கேட்டது. "அவ இப்பத்தான் ஊத்துக்குப் போயிருக்கா. வந்ததும் குடுத்து விடுறேன்."

லீமாரோஸ் தலையாட்டினாள். அவனை அவள் கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. "சரிண்ணே" என்று திரும்பினாள். அவள் தெருவைக் கடக்கும்வரை அவன் வாசலிலேயே நின்றான். கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடும் தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் யாகப்பம்மாள் வந்துவிடுவாள், அதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். லீமாரோஸ் மற்ற வீடுகளிலும் கேட்டுவிட்டு, உவர்க் கிணற்றில் வாளியை இறக்குவது தெரிந்தது. அவன் உள்ளே வந்துவிட்டான்.

யாகப்பம்மாள் வருவதற்கு மதியமாகிவிட்டது. ஊற்றில் அவ்வளவு கூட்டம். சந்தியாகுவுக்கு முடியவில்லையாம் என்று அவன் சொன்னதும், குடத்தை இறக்கிக்கூட வைக்காமல், மோந்து கொடுக்க ஒரு செம்பையும் எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது குடத்தில் பாதிதான் இருந்தது.

"உப்புத் தண்ணியக் காச்சிக் குடுத்திருக்கா. உள்ள போனது அப்பிடியே வெளிய வருது. வாய் குழறுது மனுசனுக்கு. நல்ல தண்ணி ஊத்துன பெறகுதான் கொஞ்சம் தங்குச்சு" என்றாள். பிறகு, "காலையில நம்ம வீட்டுக்கு வந்தாளா?" என்று கேட்டாள்.

"வந்தா" என்றான் சூசைமுத்து.

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் பூசை முடிந்து, குருத்தோலைகளோடு ஜனங்கள் தெருவில் வந்துகொண்டிருந்தபோது வீரபத்திரனின் குடும்பம் வந்து சேர்ந்தது. வீடு கொள்ளாத கூட்டம். சூசைமுத்து சலவைச் சட்டை போட்டிருந்தான். கண்ணாடியைக் காட்டினான், மீன் சிலிர்த்தது, வீரபத்திரனின் மனைவி ராமலெட்சுமி வாய்விட்டுச் சிரித்தார். குஞ்சுகள் நன்றாகத் தெரியவேண்டுமென்று, உள்ளறையிலிருந்து பானையைத் தூக்கிவந்து எல்லோருக்கும் நடுவில் வைத்தான். பழைய தண்ணீரைப் பாதி கோரி எடுத்துவிட்டு, பானைத் தண்ணீரைச் சிறுகச் சிறுக ஜாடியில் ஊற்றினான். ஜாடி பளிங்காகத் தெளிந்தது. குஞ்சுகள் மினுமினுத்தன.

"ஏம்ப்பா, இது என்ன தண்ணி? இம்புட்டுத் தெளிவா இருக்கு" என்றார் வீரபத்திரன்.

"ஊத்துத் தண்ணிங்கய்யா" என்றான் சூசைமுத்து. உற்சாகத்தில் குரல் உயர்ந்தது. "இதுக்குன்னே வியாழக்கிழமையிலேர்ந்து எடுத்துச் சேத்து வச்சேன். யாரையும் தொடவிடல."

"மீனுக்கு ஊத்துத் தண்ணியா! ராஜ யோகம்தான்" என்று வீரபத்திரன் சிரிக்க, கூட்டமும் சிரித்தது. சூசைமுத்துவும் சிரித்தபடி நிமிர்ந்தான்.

நிலைப்படி அருகே லீமாரோஸ் நின்றுகொண்டிருந்தாள். முந்தின நாள் யாகப்பம்மாள் விட்டுவந்த செம்பைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். அவள் கண் பானையின் மேல் இருந்தது. பிறகு அவன் முகத்துக்கு வந்தது.

"மீனுக்கு வச்ச தண்ணியாண்ணே?" என்றாள் மெதுவாக. "எனக்குத் தெரியாமப் போச்சு."

செம்பை ஓரமாக வைத்துவிட்டுப் போய்விட்டாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குப் பதில் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. யாகப்பம்மாளுக்கு மட்டும் புரிந்தது. அவள் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த பார்வையை அவனால் தாங்க முடியவில்லை. வீரபத்திரன் தொட்டியின் நீள அகலம் கேட்டார். அவன் வாய் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. கண் நிலைப்படி அருகே இருந்த செம்பிலேயே நின்றது.

எல்லோரும் போனபின் யாகப்பம்மாள் வந்தாள். அவன் திட்டுக்குக் காத்திருந்தான். அவள் திட்டவில்லை. பானையில் மிச்சமிருந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றிக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தாள். திரும்பிவந்து, "வாங்கிக்கிட்டா" என்றாள். "மூஞ்சியத் திருப்பல. எப்பவும்போல உக்காரச் சொன்னா. எனக்குத்தான் உக்கார முடியல."

அன்றைக்குச் சூசைமுத்து சாப்பிடவில்லை. ஜாடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். எட்வர்ட் சொன்னது அவனுக்கு மறந்துபோயிருக்கவில்லை. எருமை மிதித்த குழியில் கிடக்கும் மீன் அது. பழைய தண்ணீரிலேயே இன்னும் எத்தனையோ நாள் சுகமாக இருந்திருக்கும். அந்தத் தண்ணீர் மீனுக்குக்கூடத் தேவைப்படவில்லை. அவனுக்குத்தான் தேவைப்பட்டது. 'மீனைக் காப்பாற்ற வைத்திருந்தேன்' என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

மறுநாள் விடியுமுன் குடத்தை அவனே எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனான். ஆண்கள் வராத இடம். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "என்னண்ணே, யாகப்பம்மாளுக்கு மேலுக்கு முடியலையா?" என்று கேட்டார்கள். அவன் குந்தி உட்கார்ந்து சிரட்டையால் கோரினான். குடம் நிறைந்ததும் தெருக்கோடிக்குப் போய் லீமாரோஸ் வீட்டு வாசலில் இறக்கினான். அந்த வாரம் முழுக்க அப்படியே செய்தான். உள்ளே போகவில்லை. அவளும் குடத்தைக் காலி செய்து வாசலில் வைத்துவிடுவாள்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் குடத்தை இறக்கும்போது உள்ளேயிருந்து சந்தியாகுவின் குரல் கேட்டது. "யாரது, சூசையா? ஏலே, உள்ள வாடா."

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் சந்தியாகு. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆனால் கண்ணில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. சூசைமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒன் வீட்டுத் தண்ணிதாண்டா என்னய எழுப்பி விட்டுச்சு. தெருவே இல்லேன்னு கைய விரிச்ச அன்னைக்கு ஒன் பொண்டாட்டிதான குடத்தோட வந்தா? இப்ப நீயே சொமந்துட்டு வாரியாமே. கூடப் பொறந்தவன்கூடச் செய்யமாட்டான். பாக்க வாரவுகளுக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன்."

சூசைமுத்து கையை விடுவித்துக்கொண்டான். "சந்தியாகு, அது வந்து... அன்னைக்குக் காலையில..." என்று தொடங்கினான்.

"அண்ணே, குடத்த எடுத்துக்கங்க, வாங்க" என்று குறுக்கே வந்தாள் லீமாரோஸ். விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள். அவன் பின்னாலேயே போனான்.

"அவுககிட்டச் சொல்லாதீக" என்றாள், தாழ்ந்த குரலில்.

"சொல்லாட்டி எனக்கு மனசு ஆறாதும்மா."

"ஒங்களுக்கு ஆறிரும். அவுகளுக்கு?" அவள் அவனை நேராகப் பார்த்தாள். "நீங்கன்னா அவுகளுக்கு உசுரு. படுத்துக் கெடக்கையிலயும் 'சூசை தண்ணி, சூசை தண்ணி'ன்னுதான் குடிச்சாக. அதையும் போக்கிராதீக. நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லக்கூடாது."

அவனிடம் அவள் கேட்டது அது ஒன்றுதான். மன்னிப்புப் பற்றி அவள் பேசவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டான்.

வைகாசியில் ஒரு கோடை மழை பெய்து ஊற்றுக்கண் திறந்தது. வீரபத்திரன் ஆள் அனுப்பி எல்லா மீன்களையும் எடுத்துக்கொண்டார். சூசைமுத்துவே எல்லாவற்றையும் கொண்டுபோகச் சொல்லிவிட்டான். சந்தியாகு மறுபடியும் கடலுக்குப் போகத் தொடங்கினான். கோயில் முற்றத்திலோ கரையிலோ பேச்சு வரும்போதெல்லாம், "ஊரே காஞ்சு கெடந்த நேரத்துல எனக்குத் தண்ணி குடுத்து உசுரக் காப்பாத்துனவன்" என்று சூசைமுத்துவின் தோளில் கை போட்டு முன்னால் இழுத்து நிறுத்துவான். இப்போது அவன் பேசினால் நாலு பேர் கேட்கத் தயாராக இருந்தார்கள். அவன் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்தபடி நிற்பான்.

எவ்வளவு அடக்கமான மனுஷன் என்று சொன்னார்கள்.