நத்தையின் ஏழு நாள் துக்கம்

நத்தை சாருக்கு ஒரே நோட்டுதான். விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் புரிகிற அறிவியல் நூல்கள் ஒன்பதும், யாருக்கும் புரியாத நாவல்கள் நான்கும் எழுதியவர். நோட்டின் முன்பக்கத்திலிருந்து நிஜம், பின்பக்கத்திலிருந்து கற்பனை என்று எழுதிக்கொண்டே வருவார். இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டால் புது நோட்டு.

பத்தாவது அறிவியல் நூலின் வெளியீட்டு நாளன்று, மேடைப் பேச்சுக்குக் குறிப்புத் தேடி நோட்டைப் புரட்டியவர் ஒரு பக்கத்தை இரண்டு முறை படித்தார். ஜோடி செத்துப்போனால் அதன் வெற்று ஓட்டை ஏழு நாள் முட்டித் தள்ளிக்கொண்டே திரியும் நத்தை! நாவலுக்காக அவரே திரித்த கயிறு அது. நடுப்பக்கத்தில் கிடந்ததை நிஜம் என்று நம்பி, நூலின் ஆறாம் அத்தியாயத்தை அதை வைத்து முடித்திருந்தார். போதாக்குறைக்கு ‘நேரில் கண்டது’ என்று ஓர் அடிக்குறிப்பு.

அடுத்தவர் புத்தகங்களில் தப்புக் கண்டுபிடித்துப் பத்திரிகைகளுக்கு மூன்று பக்கக் கடிதம் போடுவது அவருடைய முப்பது வருடப் பழக்கம். அந்த அடுத்தவர்கள் எல்லோரும் இன்று முன்வரிசையில் உட்காரப் போகிறார்கள்.

அச்சுப்படி திருத்தியவள் மனைவிதான்; கணக்கு டீச்சராக இருந்தவள். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

“என்னங்க, போட்ட சாப்பாடு அப்படியே இருக்கு? பாராட்டுக்கு வயித்துல இடம் விட்டு வெச்சிருக்கீங்களா?”

“பசிக்கலம்மா.”

புத்தகக் கட்டுகள் அச்சகத்திலிருந்து நேரே அரங்குக்கு வந்திருந்தன. மேடையில்தான் பிரிப்பார்களாம். தலைமை தாங்க வந்த முன்னாள் துணைவேந்தருக்கு மட்டும் ஒரு பிரதி முன்கூட்டியே போயிருந்தது. நத்தை சார் அவரைக் கை கழுவும் இடத்தருகே மடக்கினார்.

“ஐயா, ஆறாம் அத்தியாயத்துல, அந்த ஏழு நாள் நத்தை...”

“ஆகா! ஒரே மூச்சுல படிச்சேன் சார். கண்ணு கலங்கிடுச்சு. மாணவனா இருந்தப்பவே நான் பாத்திருக்கேன். ஏழு இல்ல, எட்டு நாள்!”

“புத்தகம் கையில இருக்கா ஐயா?”

“இதயத்துல இருக்கு.”

மேடையில் அந்த எட்டு நாளை அவர் இருபது நிமிடம் விவரித்தார். கூட்டம் உச்சுக்கொட்டியது. இதற்குமேல் மறைத்தால் பாவம் என்று நத்தை சாருக்கே பட்டது. வருவது வரட்டும், அந்தப் பத்தியை வாசித்துவிட்டு ‘இது என் புளுகு’ என்று சொல்லிவிடுவது என எழுந்தார். புதுப் பிரதியை வாங்கி ஆறாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார்.

பத்தி இல்லை. அடிக்குறிப்பும் இல்லை. கோடையில் நத்தை தன் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு சும்மா கிடக்கும் என்பதோடு அத்தியாயம் முடிந்திருந்தது.

முன்வரிசையில் மனைவி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நத்தையைப் பார்த்து அவரும் வாயை அடைத்துக்கொண்டார். இரண்டு வரி நன்றி சொல்லிவிட்டு இறங்கி, அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“எப்படிக் கண்டுபிடிச்சே?”

“நேரில் கண்டதுன்னு போட்டிருந்தீங்க. எதையாவது ஏழு நாள் விடாம கவனிச்சிருக்கீங்களா நீங்க? அதான் சந்தேகம்.”

“அப்பவே சொல்லக்கூடாதா?”

“போன புத்தகத்துல ஒரு கமாவை எடுத்ததுக்கே ஒன்பது நாள் பேசல. இது முழுசா ஒரு பத்தி.”

மேடையில் முன்னாள் துணைவேந்தரை, நத்தை சாரின் பழைய எதிரி ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார். “அந்த எட்டு நாள் எந்தப் பக்கத்துலங்க ஐயா?” துணைவேந்தர் முதன்முறையாக அந்தப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

நத்தை சார் பெருமூச்சு விட்டார். “ஏம்மா, பையில சாப்பிட ஏதாவது வெச்சிருக்கியா?”

அவள் ஏற்கனவே டப்பாவைத் திறந்திருந்தாள்.