பொட்டு வைத்த லெகோக் கட்டைகள்

ஏலத்தில் தோற்பது எனக்குப் பிடிக்காது. அதுவும் முகம் தெரியாத ஒருவனிடம் தோற்பது அறவே பிடிக்காது.

பழைய சாமான் கடைகள் இப்போது தங்களுக்கு வருகிற நல்ல சாமான்களை இணையத்தில் ஏலம் விடுகின்றன. அதில் நான் பிள்ளைகள் பொருத்தி விளையாடுகிற லெகோக் கட்டைகள் வாங்குகிறேன். கணவர் லொறி ஓடுகிறவர், பிள்ளைகள் இரண்டுபேரும் படிக்கப் போய்விட்டார்கள், கனடாவில் ஒஷாவா நகரத்து வீட்டில் அநேகமாக நானும் அப்பாவும்தான். வேலையால் வந்து கட்டைகளைக் கழுவி, நிறம் பிரித்து, எதையாவது கட்டிக்கொண்டிருந்தால் என் கோபம் கொஞ்சம் இறங்கும். "கிழவியாகிற வயசிலை விளையாட்டுச் சாமான்" என்று அப்பா நக்கலடிப்பார். அவர் நாள் முழுக்க டிவியோடு சண்டை பிடிக்கிறார், நான் ஏதும் சொல்கிறேனா?

அந்த முறை ஏலத்துக்கு வந்தது ஒரு பிளாஸ்ரிக் பெட்டி. படம் மங்கல். மேலே கிடந்த மஞ்சள் கதவொன்று மட்டும் கண்ணில் பட்டது. சின்ன வயதில் எங்களிடமும் அப்படி ஒன்று இருந்தது. ஆசைப்பட்டு விலை வைத்தேன். யாரோ எனக்கு மேலே வைத்தான். நான் ஏற்ற, அவனும் ஏற்றினான். வாங்கி விற்கிற வியாபாரியாக இருக்கும், உனக்கு விட்டுக்கொடுத்தால் நான் றஜிதா இல்லை என்று நின்றேன். பெட்டி பெறாத விலைக்கு வென்றேன். அன்று முழுக்கக் கால் நிலத்தில் பாவவில்லை.

பெட்டியை எடுத்து வந்து, கட்டைகளைக் குசினியில் சவர்க்காரத் தண்ணீரில் ஊறப்போட்டேன். தேத்தண்ணிக்கு வந்த அப்பா ஒரு கட்டையை எடுத்துப் பிரட்டிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"பிள்ளை, இது என்ரை பொட்டு."

கனடாவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரே அப்பார்ட்மென்ரில் மூன்று குடும்பம் இருந்தோம். ஊரில் கலியாண வீட்டுக்கு இரவல் போகிற பெரிய சமையல் கிடாரத்தின் அடியில் பெயின்ரால் அடையாளம் வைப்பார்கள் இல்லையா, அப்பா அந்த வழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தார். அம்மா நகத்துக்குப் பூசுகிற கியூட்டெக்ஸ் போத்தலை எடுத்து, கரண்டி, சட்டி, குடைப்பிடி எல்லாவற்றிலும் நெருப்புக்குச்சி முனையால் ஒரு சிவப்புப் பொட்டு. சேர்ச்சிலிருந்து தந்த லெகோக் கட்டைகளையும் விடவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் வைத்தார். "பொட்டு இருந்தால் எங்கட. இல்லாட்டித் தொடக்கூடாது" என்பதுதான் சட்டம். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் அம்மா போன பிறகும் அந்தக் கட்டைகள் இருந்தன.

நானும் தம்பி மரியோவும் அவற்றில் விளையாடினோம், பிறகு என் பிள்ளைகள் விளையாடினார்கள். மரியோவுக்கும் நிலாணிக்கும் கலியாணம் முடிந்த கையோடு, பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்று பெட்டியை அவர்களிடம் கொடுத்தேன். வருடங்கள் போயின. பிள்ளை வரவில்லை. பெட்டியைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை.

"குடுத்துப்போட்டானோ?" என்றார் அப்பா. கட்டையை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்காமலே அறைக்குப் போய்விட்டார்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கராஜுக்குள் போய் நின்று றிச்மண்ட் ஹில்லில் இருக்கிற மரியோவுக்குப் போன் அடித்தேன்.

"டேய், பெட்டியை எறியிறதெண்டால் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக்கூடாதோ? என்ரை சாமானை நானே ஏலத்திலை எடுத்திருக்கிறன்!"

"அக்கா, அது நீயோ?" என்றான்.

"எது நானோ?"

"கடைசி மட்டும் ஏத்திக்கொண்டு நிண்டது."

வியாபாரி என்று நினைத்து நான் மல்லுக்கட்டியது இவனோடுதான்.

மெல்ல மெல்லச் சொன்னான். இனிக் காணும், பார்த்திருந்தது போதும் என்று நிலாணி மனம் விட்டுப்போய், பிள்ளைக்கென்று வைத்திருந்த அறையை ஒதுக்கினாளாம். பெட்டியைப் பழைய சாமான் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தது இவன்தான். அதற்குப் பிறகு, பிள்ளை தத்தெடுக்க எப்போதோ பதிந்து வைத்த இடத்திலிருந்து போன் கோல் வந்திருக்கிறது. நாலு வயதுப் பெண்பிள்ளை, பெயர் ஜோசி. கெதியில் வீட்டுக்கு வருகிறாள். பெட்டியைத் தேடி ஓடினால், அது ஏலத்துக்குப் போய்விட்டது என்றார்களாம்.

"நானும் ஏத்தினன், ஏத்தினன். அங்காலை நிண்டது விசர் மாதிரி விடேல்லை."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஏன்ரா எங்களுக்குச் சொல்லேல்லை?"

"அப்பா கேப்பாரல்லோ."

என்ன கேட்பார் என்று நான் கேட்கவில்லை. ஆற்றை பிள்ளை, எந்த ஊர்? யாருடைய பிள்ளை, எவ்விடத்துப் பிள்ளை என்ற இந்த இரண்டும் தெரியாமல் அப்பா ஒருவரோடும் நாலு வார்த்தை கதைத்ததில்லை. என் கலியாணத்துக்கு முன்னம் மாப்பிள்ளையின் பூட்டன் வரை துருவியவர்.

"அந்தப் பிள்ளையை அவர் ஒருநாளும் எங்கட எண்டு நினைக்கமாட்டார் எண்டு நிலாணி பயப்பிடுறாள், அக்கா. அவர் ஒரு சொல்லுச் சொன்னால் இவள் தாங்கமாட்டாள்."

"ஞாயிற்றுக்கிழமை ரெண்டுபேரும் வாங்கோ. நீதான் சொல்லவேணும். நான் பக்கத்திலை நிக்கிறன்."

சேர்ச்சுப் பூசை முடிந்து வந்தார்கள். அப்பா சாப்பாட்டு மேசையில் துவாயை விரித்து, காய்ந்த கட்டைகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பொட்டு உள்ளவை ஒரு பக்கம். கடையில் கலந்துவிட்ட மற்றவை இன்னொரு பக்கம். மகனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மரியோ நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். நிலாணி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா ஏடாகூடமாய் ஏதும் சொன்னால் பேசுவதற்கு நான் நாக்கைத் தீட்டி வைத்திருந்தேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "ஆற்றை பிள்ளை?"

கேட்டே விட்டார். நிலாணியின் தலை குனிந்தது.

"எங்கட பிள்ளை, அப்பா" என்றான் மரியோ.

"அது விளங்குது. எந்த ஊர்?"

மரியோ என்னைப் பார்த்தான். பிறகு, "ஒஷாவா" என்றான்.

அப்பா கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "ஒஷாவாவிலை எவடம்?"

"அது தெரியாது, அப்பா."

"சரி, விடு. அப்ப எங்கட ஊர்ப் பிள்ளை."

தீட்டி வைத்த நாக்கை என்ன செய்வதென்று தெரியாமல் நான் நின்றேன். அப்பா பொட்டில்லாத குவியலைத் தன் பக்கம் இழுத்தார்.

"பள்ளிக்கூடம் போவாவோ?"

"ஓம், மாமா" என்றாள் நிலாணி.

"அங்கை கொண்டுபோனால் சாமான் மாறிப்போகும்." என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, கியூட்டெக்ஸ் இருக்கோ?"

என்னிடம் இல்லை. நிலாணி அவசரமாகக் கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தாள். எடுத்தவள் தயங்கினாள். "இது சிவப்பில்லை, மாமா. ஊதா."

"நிறத்துக்கு என்ன? பொட்டுத்தானே வேணும்."

நெருப்புக்குச்சி இல்லாததால் பல்லுக்குத்துகிற குச்சி ஒன்றை எடுத்துத் தோய்த்து, ஒரு கட்டையின் அடியில் பொட்டு வைத்து, காயும்வரை ஊதினார். பிறகு அதைச் சிவப்புப் பொட்டுக் குவியலுக்குள் போட்டுவிட்டுக் கையை நீட்டினார். நிலாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டையை எடுத்துக் கொடுத்தாள்.