கண்ணின் வெள்ளை

கண்ணின் வெள்ளை வெள்ளையே அல்ல. உருவப்பட வகுப்பில் மாஸ்டர் முதல் நாளே மண்டையில் ஏற்றியது அதுதான். "ட்யூப்லேர்ந்து பிதுக்கி அப்படியே வச்சா பொம்மை முழிக்கிற மாதிரி முழிக்கும்." சாம்பல் சேர்க்க வேண்டும், நீலம் ஒரு துளி.

பட்டத்துக்கான கடைசிப் படத்துக்கு அப்பாவை உட்கார வைத்தேன். வெல்டிங் பட்டறையில் வேலை. எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதுவும் படம் வரைய மிதித்தேன் என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம், நிறையக் கர்வம்.

"இந்த மூஞ்சிய உங்கம்மாகூட இவ்ளோ நேரம் பாத்ததில்லடி."

"பாத்திருந்தா உங்களுக்கு வாக்கப்பட்டிருப்பேனா?" சமையலறையிலிருந்து அம்மா.

ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம், ஜன்னலோரம். முதலில் முகம் முழுவதும் சாம்பலில். அது காய்ந்தபின், ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய நிறப் பூச்சு. நான்காம் ஞாயிறு, பழைய கலவை அவர் முகத்துக்குப் பொருந்தவில்லை. மஞ்சள் சேர்த்தேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். கண்ணின் வெள்ளையும் மஞ்சள் கேட்டது.

படத்தை மாஸ்டரிடம் காட்டினேன். "வெயில் உன்னை ஏமாத்துது. முதல்ல கலந்த நிறத்தத்தான் நம்பணும். சுரண்டிடு."

சுரண்டினேன். ஜன்னலுக்கு வெள்ளைத் துணி கட்டினேன். அப்போதும் மஞ்சள் தெரிந்தது. என் கண்ணைத்தான் திட்டிக்கொண்டேன். முகத்தை விட்டுவிட்டுப் பழைய கலவையைப் பார்த்துப் பூசினேன்.

அவர் கையைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

"அசையாதப்பா! எத்தன தடவ சொல்றது?"

"அரிக்குதும்மா."

"பட்டறைத் தூசி. குளிச்சிட்டு வந்து உக்கார வேண்டியதுதானே?"

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அந்தப் படத்துக்குத்தான். தோல் நிறம் பிரமாதமாம். அதே வாரம் அப்பா பட்டறையில் சுருண்டு விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் கீழிமையை இழுத்துப் பார்த்தார். பரிசோதனைகள் முடிந்ததும் எங்களை வெளியே அழைத்தார். பித்தக் குழாயைப் புற்றுக்கட்டி அடைத்திருக்கிறது, முன்பே வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம், பரவிவிட்டது, இனி முடியாது என்றார்.

"கண்ணு மஞ்சளாகி எத்தன நாளாச்சு?"

"நேத்துதான் பாத்தோம் டாக்டர்," என்றாள் அம்மா.

"ஏழு வாரம்," என்றேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சுமாடி சும்மா இருந்த?"

மாஸ்டர்மேல் பழியைப் போடத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் சுரண்டிய கை என்னுடையது.