போதும் என்று சொல்ல ஓர் ஆள்

...ஆனால் இவளிடம் இதை எப்படி ஆரம்பிப்பது, சௌக்கியமா என்று கேட்டாலே எதற்குக் கேட்கிறீர்கள் என்று பார்க்கிறவள், கடையில் வேறு காலையிலேயே இத்தனை கூட்டம், சரி, உட்காருவோம், பெஞ்சாவது காலியாக இருக்கிறதே, மடியில் கணவரின் கோட்டு, வெறுங்கையோடு வந்தால் சந்தேகப்படுவாளே என்று அலமாரியிலிருந்து உருவிக்கொண்டு வந்தது, அதில் மருந்துக்குக்கூட ஒரு கறை கிடையாது, வரும் வழியில் கொஞ்சம் மண்ணிலாவது புரட்டி எடுத்திருக்கலாம், தோன்றாமல் போய்விட்டது... அங்கே கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு சட்டையின் காலரை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறாளே, அவள்தான் என் நாத்தனார், என் கணவரின் ஒரே தங்கை, இந்தச் சலவைக் கடையின் முதலாளி. வீட்டில் எல்லாரும் ஜட்ஜம்மா என்போம், அவள் இல்லாத நேரத்தில். பெயர் வைத்தது யார் என்று இன்று வரை விசாரித்துக்கொண்டிருக்கிறாள், நான் மூச்சு விட்டதில்லை.

நேற்று அந்த இதய டாக்டர், என் மகளைவிடச் சின்னவள், எவ்வளவு பக்குவமாகச் சொன்னாள், உங்கள் இதயம் களைத்துவிட்டது அம்மா, மாத்திரையிலேயே நல்லபடியாக ஓடும், வருஷக் கணக்கில்கூட ஓடலாம், ஆனால் ஒரு நாள் உங்களால் பேச முடியாமல் போகலாம், அப்போது மெஷின் வைக்கவா வேண்டாமா என்று நாங்கள் யாரைக் கேட்பது, ஒருத்தரை இப்போதே முடிவு செய்து வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். எனக்கு என்ன வேண்டும் என்பதை அவள் கேட்ட உடனேயே சொல்லிவிட்டேன், திரும்பி வர வழி இருந்தால் எல்லாம் செய்யுங்கள், வழி இல்லை என்றால் குழாயை எல்லாம் எடுத்துவிட்டு என் படுக்கையில் கொண்டுபோய்ப் போடுங்கள், ஜன்னல் பக்கம் தலை இருக்கட்டும். டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள், இதைச் சொல்லத்தான் எல்லாரும் திணறுவார்களாம். எனக்குத் திணறல் அதில் இல்லை. ஆள் யார்? உங்களை ரொம்பப் பிடித்தவரைத் தேடாதீர்கள், நீங்கள் சொன்னதை அப்படியே சொல்லக்கூடியவரைத் தேடுங்கள் என்றாள். அங்கேதான் இடித்தது, ராத்திரி முழுக்கப் புரண்டேன்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைத்தவள் நான், பாதி ஆயுள் பக்கத்து இருக்கையில் கழிந்தது, காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக். ஒருத்தர் பிரேக்கை மிதிப்பதைப் பார்த்தால் போதும், குணம் பூராவும் சொல்லிவிடுவேன். என் கணவர் பச்சை விளக்கைப் பார்த்தே மிதிப்பார், எந்நேரமும் சிவப்பாகலாமே என்று. மனுஷர் செத்துப்போன ரேடியோ மூன்றைப் பரண்மேல் வைத்திருக்கிறார், என்றைக்காவது பாடும் என்று. அவரிடம் போய் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் டாக்டர், இன்னும் ஒரே ஒரு நாள் என்று ஆஸ்பத்திரிச் சுவர் இடிந்து விழும் வரை சொல்லிக்கொண்டிருப்பார், நான் இருமினாலே எழுந்து உட்கார்ந்துகொள்கிறவர், பாவம், அவர் தலையில் இதைக் கட்ட எனக்கு மனசு வரவில்லை. மகளா, அவளுக்குப் பிரேக் என்று ஒன்று இருப்பதே தெரியாது, நான்கு டாக்டர்கள் கைவிட்டால் ஐந்தாவது டாக்டரை வீடு புகுந்து இழுத்துக்கொண்டு வருவாள். மகன் வளைவில் கண்ணை மூடிக்கொள்கிறவன், நிஜமாகவே மூடிக்கொள்வான், நான்தான் பிடித்துத் திருப்புவேன். நேற்று போனில் லேசாக ஆரம்பித்ததுமே அம்மா வேற பேசலாமே என்றான், அப்புறம் அவன் ஊர் மழையைப் பற்றி வெகு நேரம் பேசினான், நானும் கேட்டுக்கொண்டேன், அவ்வளவு மழையாம்.

என்னிடம் படித்தவர்களிலேயே நில் என்றதும் நின்றவள் இவள் ஒருத்திதான். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, சொன்ன அந்த நொடியில். என் நெற்றி முன்கண்ணாடியில் போய் மோதியது. ஏன் இப்படி என்று கத்தினேன், நீங்கதானே அண்ணி நில்லுன்னீங்க என்றாள். இந்தா, இப்போதும் பார், அந்தத் தடியான மனிதர் தோல் ஜாக்கெட்டை நீட்டிக்கொண்டு கெஞ்சுகிறார், பெயின்ட் கொட்டிவிட்டதாம், ஆசையாக வாங்கியதாம், ஏதாவது செய்து பாருங்கள் என்கிறார், அவள் விரலால் ஒரு தரம் தடவினாள், கொஞ்சம் யோசித்தாள், இது தேறாது சார், தேய்ச்சா தோலும் போயிடும், அப்படியே போட்டுக்கங்க, நல்லாத்தான் இருக்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால் மனிதர் அங்கேயே அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறார், என்னவோ பாரம் இறங்கினமாதிரி நடக்கிறார்.

மாமியார் விஷயத்திலும் இவள்தானே வாயைத் திறந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறோம், டாக்டர் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துக்கொண்டே வருகிறார், இவள் முன்னால் வந்து போதும், அம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம் என்றாள். மாமியார் தன் கட்டிலில் தன் போர்வைக்குள், டீயில் சர்க்கரை குறைவு என்று என்னைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார், அவ்வளவு நிம்மதியான குறை. இவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, கல்நெஞ்சுக்காரி என்று உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அந்தக் கல்நெஞ்சுதான் எனக்கு இப்போது வேண்டியது. அதோடு, என்னிடம் இவளுக்கு இளக எதுவும் இல்லையே, எங்களுக்குத்தான் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம், கல்யாணமான மறுநாளே என் மூக்கைப் பார்த்து அண்ணனுக்கு நிழலுக்குப் பஞ்சமில்லை என்றவள், நான் வாங்கின திரைச்சீலையை என் எதிரிலேயே அவிழ்த்துத் துவைத்துத் தலைகீழாக மாட்டினவள், ஒரு சோபாவை எந்தச் சுவரோரம் போடுவது என்பதில் ஒரு வருஷம் பேசாமல் இருந்தோம். பிடிக்காதவளுக்குத்தான் சொல்ல வரும். என் கணக்கு சரிதானே? சரிதான், கூட்டமும் குறைந்துவிட்டது, வருகிறாள்.

கோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். “இதுல ஒண்ணுமே இல்லையே அண்ணி. எதுக்கு வந்தீங்க?” மென்று விழுங்காமல் சொல்லிவிட்டேன், டாக்டர் சொன்னது, மெஷின், குழாய், ஜன்னல், வெள்ளிக்கிழமை, எல்லாம் ஒரே மூச்சில். கேட்டுக்கொண்டே அவள் கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழாகப் போட்டாள், போட்டு முடித்ததும் கேள்விகள் ஆரம்பித்தன, சும்மாவா ஜட்ஜம்மா. அண்ணனுக்குத் தெரியுமா? தெரியாது. உங்கள் மகள் என்னை அடிக்க வருவாளே? வருவாள், இன்றைக்கே நான் அவளிடம் பேசிவிடுகிறேன். நடக்க முடியாமல் போனால்? பரவாயில்லை, நாற்காலியில் உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டிருப்பேன். ஆள் அடையாளம் தெரியாமல் போனால்? இதற்கு யோசித்தேன், அடையாளம் தெரியாவிட்டாலும் யாராவது வந்தால் முகம் மலர்கிறதா என்று பார், மலர்ந்தால் விட்டுவை என்றேன். தலையாட்டினாள், மனப்பாடம் செய்கிறவள்போல உதடு அசைந்தது. “சரி. நான் சொல்லிடறேன்.” அவ்வளவுதான். முடிந்தது. மார்பில் இருந்த கல் இறங்கியது, நன்றாக மூச்சு வந்தது, சிரிப்புகூட வந்தது... கூடவே சுருக்கென்று ஒன்று, அந்த ஜாக்கெட்டுக்குக்கூடக் கொஞ்சம் யோசித்தாளே, எனக்கு ஒரு நிமிஷம் தயங்கியிருக்கக் கூடாதா? என்ன மனசு இது, கேட்டு வந்தது கிடைத்துவிட்டது, அதற்கும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறது.

எழுந்திருக்கப் போனேன். கோட்டை ஹேங்கரில் மாட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். “எனக்கு நீங்க சொல்லணும் அண்ணி. ரொம்ப நாளாவே உங்களத்தான் நெனச்சு வச்சிருக்கேன், கேக்கத்தான் வாய் வரல.” அதுவும் நியாயம்தானே, அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளை குட்டி கிடையாது, இருக்கிற ஒரே அண்ணனின் லட்சணம் அவளுக்குத் தெரியாதா, கொடுக்கல் வாங்கல்மாதிரி, நீ எனக்கு, நான் உனக்கு, சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். வாயைத் திறந்தேன். சரி என்பது எவ்வளவு சின்ன வார்த்தை... அவள் படுத்திருக்கிறாள், மூக்குக்கண்ணாடியை யாரோ கழற்றி வைத்துவிட்டார்கள், வாய் மூடியிருக்கிறது, இவள் வாய் மூடி நான் பார்த்ததே இல்லை, டாக்டர் என் பக்கம் திரும்புகிறார், நான் சொல்ல வேண்டும், அந்த வாய் இனிமேல் என் மூக்கைப் பற்றி ஒன்றும் பேசாது என்று நான் சொல்ல வேண்டும்... வரவில்லை. பகல் வெளிச்சத்தில், பெஞ்சில் உட்கார்ந்து, சும்மா நினைத்துப் பார்ப்பதற்கே வரவில்லை.

“என்ன அண்ணி, யோசிக்கிறீங்க?” என்றாள். முதலில் குடிக்கத் தண்ணீர் கொடு என்றேன், வேறு என்ன சொல்வது, கண்ணில் ஏதோ விழுந்துவிட்டதாகக் காட்டிக்கொண்டேன். உள்ளே போயிருக்கிறாள். எப்போதிலிருந்து இது, எந்தச் சண்டையில் ஆரம்பித்தது, சோபாவிலா, திரைச்சீலையிலா, அந்த ஒரு வருஷத்தில் அவள் பேசவில்லையே என்று தினமும் எரிச்சலாக இருந்ததே, அது என்ன எரிச்சல்? என் கணக்குப்படி பார்த்தால் நான் அவளுக்கு லாயக்கில்லாத ஆள், அப்படியானால் சட்டென்று சரி என்றவளுக்கு என்மேல் ஒன்றும் இல்லை என்று ஆகிறது, இல்லை, இருந்தும் சொல்ல முடிகிறதா அவளால், அப்படியும் ஒரு வகை இருக்கிறதா, அது எப்படி முடியும், வந்தால் கேட்டுவிட வேண்டும்... வருகிறாளா பார், குழாய் மட்டும் திறந்தது திறந்தபடி கொட்டிக்கொண்டே இருக்கிறது, ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்க இவ்வளவு நேரமா?