சனிக்கிழமைக் கைகள்

அப்பாவின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள் செசிலி. வாசலில் ஐந்து பெண்கள் செருப்பைக் கழற்றினார்கள். அரியலூரில் அவள் பார்த்திராத முகங்கள். சவப்பெட்டியருகே வந்தவர்கள் அழவுமில்லை, சிலுவை போடவுமில்லை. வரிசையாக நின்று, சவரிமுத்து வாத்தியாரின் மூடிய கண்ணுக்கு நேரே கைகளை நீட்டிக் காட்டினார்கள். முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை.

இது எந்த ஊர் வழக்கம்? செசிலிக்கு அழுகைகூட நின்றுவிட்டது.

"நீங்கள்லாம் யாருங்க?"

"ஜெயங்கொண்டத்துல முந்திரிக்கொட்டை ஒடைக்கிறவங்கம்மா. எம் பேரு பச்சையம்மாள். சனிக்கிழமையானா சாரு எங்க கையப் பாப்பாரு."

சனிக்கிழமை! எழுபத்தேழாம் வருஷம் ரிட்டயரானதிலிருந்து ஆறு வருஷமாக, வாரம் தவறாமல் ஜெயங்கொண்டம் பஸ் ஏறிய மனுஷர். முந்திரி ஆலையில் போட்ட பணத்துக்கு லாபம் வாங்கப் போகிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் நகம் பார்த்த பழக்கத்தை அங்கேயும் கொண்டுபோயிருக்கிறாரே! லாபமோ சொல்லிக்கொள்கிற மாதிரி வந்ததில்லை. ஒழுகுகிற ஓட்டுக்கடியில் அண்டா வைத்தே அவள் இடுப்பு ஒடிந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆலைக்காரர் வேணுகோபால் அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

"தப்பா நெனைக்காதம்மா. சாரு பங்க நானே எடுத்துக்கிறேன். போட்டதுக்கு ரெண்டு மடங்கு தரேன். வூட்டுக்குத் தளமே போட்டுடலாம்."

ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டாள்: "அப்பா கையப் பாத்தது எதுக்குங்க?"

"அதையேன் கேக்குற! பங்கு சேந்த மறுவாரமே ஆலையப் பாக்கணும்னு வந்து நின்னாரு. கொட்டைத் தோட்டுலேர்ந்து வர்ற எரிப்புப் பாலு பட்டு இதுங்க கையெல்லாம் வெந்து கெடந்துது. 'சாப்புடுறதுக்கு முன்னாடி ஜெபம் பண்றேனே வேணு, இதப் பாத்துட்டு எந்த வாயால ஜெபம் பண்றது?'ன்னாரு. தடவிக்க வெளக்கெண்ணெ, புண்ணு ஆறுற வரைக்கும் கூலியோட லீவு. அதெல்லாம் போகத்தான் லாபம்னு எழுதி வாங்கிட்டாரு."

"பங்க நீங்க எடுத்துக்கிட்டா?"

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "வேற ஆலையில எவனும் குடுக்கலம்மா."

கோயிலில் துக்க மணி அடித்தது. பெட்டியை மூட ஆள் வந்தாயிற்று. வேணுகோபால் அவசரமாகப் பங்கை மாற்றும் பத்திரத்தை விரித்து, பேனாவைத் திறந்தார்.

செசிலி உள்ளே போனாள். மற்றவர்கள் விலகிவிட்டார்கள், பச்சையம்மாள் மட்டும் கையை இன்னும் மடக்கவில்லை. செசிலி அதைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கட்டைவிரலோரம் தோல் உரிந்திருந்தது.

"இது எப்பப் பட்டுச்சு?"

"திங்கக்கிழமைம்மா."

"ஆறுற வரைக்கும் ஒடைக்காதீங்க. சனிக்கிழம வந்து பாக்குறேன்."

வாசற்படியில் வேணுகோபால் பேனாவுக்கு மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.