ஹேஸ்லம் வீட்டு ஹீட் பம்பும் மன்னரின் பதக்கமும்

வட இங்கிலாந்தின் ராட்டன்ஸ்டால் ஊரில் ஹேஸ்லம் தம்பதியின் சமையலறை மேசைமேல் அந்த நவம்பர் முழுக்க இரண்டு காகிதங்கள் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தன.

ஒன்று, வீட்டைச் சூடாக்கும் காஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் வைப்பதற்கான அரசு மானியப் படிவம். வெளியே இருக்கும் காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி, அறைச் சுவர்களில் இருக்கும் ரேடியேட்டர் தகடுகள் வழியாக வீட்டுக்குள் விடும் பெட்டி அது. வீடு இருவர் பேரிலும் இருந்ததால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நெவில் போட்டுவிட்டார். க்ளெண்டா போடவில்லை.

மற்றது லண்டனிலிருந்து வந்த கடிதம். ஊருக்கு ஆற்றிய சேவைக்காக நெவில் ஹேஸ்லமுக்கு மன்னரின் பெயரால் ஒரு பதக்கம் தரலாம் என்று இருக்கிறார்கள். சம்மதமா, இல்லையா என்று எழுத வேண்டும். அதில் நெவில் ஒன்றும் எழுதவில்லை. 'வேண்டாம்' என்பதற்கு மரியாதையான வார்த்தை ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

நெவிலுக்கு அறுபத்தெட்டு வயது. நாற்பது வருடம் அந்தப் பள்ளத்தாக்கில் காஸ் பாய்லர் மாட்டியவர், பழுது பார்த்தவர். க்ளெண்டா பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்து ஓய்வு பெற்றவள். மன்னரின் முடிசூட்டு விழா அன்று தெருவில் மேசை போட்டு எல்லோரும் கேக் தின்றபோது, நெவில் மட்டும் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு தோட்டத்துச் சாக்கடையைக் குத்திக்கொண்டிருந்தார். அவளுக்கு அது இன்னும் ஆறவில்லை.

"மானியம் போக நம்ம கைக்காசு நாலாயிரம் பவுண்டு போகும். அந்தக் காசைத் திருப்பி எடுக்க எத்தனை வருஷம் ஆகும், சொல்லு," என்றாள் க்ளெண்டா.

"பதினஞ்சு. மிஞ்சிப் போனா இருபது."

"அப்போ உனக்கு எண்பத்தெட்டு. நம்ம காசை நம்ம கல்லறையில கொண்டாந்து குடுப்பாங்களா?"

"உன் மன்னர் குடும்பம் மட்டும் எந்த வருஷம் போட்ட காசைத் திருப்பித் தந்துச்சு? ஆயிரம் வருஷமா செலவு வச்சுக்கிட்டே இருக்காங்க. ஒருத்தரும் கேக்கல. நான் ஒரே ஒரு வீட்டைச் சூடாக்கக் காசு கேட்டா உடனே வருஷத்தை எண்ணுற."

"அது வேற, நெவ்."

"என்ன வேற? அவங்க அரண்மனையில எத்தனை ரேடியேட்டர் இருக்கும்னு நினைக்கிற?"

"நீயே போய் எண்ணிட்டு வா. அதான் கூப்பிடுறாங்களே!"

நெவில் சிரிப்பை அடக்கத் தேநீரைக் குடித்தார். பதக்கம் தரப்போவது அரண்மனையில் அல்ல, பிரெஸ்டன் நகரத்தில், கவுண்டி எனப்படும் அந்த மாவட்டத்தின் மன்றத்தில்தான் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அந்தக் கடிதம் தானாக வரவில்லை. இரண்டு வருடம் முன்பு அவர் பெயரைப் பரிந்துரைத்து எழுதியதே க்ளெண்டாதான். படிவத்தை நிரப்பி, ஊரில் பதினோரு பேரிடம் போய் ஆதரவுக் கடிதம் வாங்கிச் சேர்த்து அனுப்பினாள். அந்தக் கடிதங்களின் நகல்கள் மேசைவிரிப்புகளுக்கு அடியில், இழுப்பறையில் இருந்தன. நகரசபையில் எத்தனையோ கட்சி வந்து போனது. தன் புருஷனுக்கு ஒரு ஆள்கூட வாய்விட்டு நன்றி சொன்னதில்லை என்பது அவள் மனக்குறை. மன்னரைப் போலத் தேர்தலில் ஓட்டுக் கேட்காத ஒருவர் சொன்னால்தான் அந்த நன்றிக்கு மதிப்பு என்று அவள் நினைத்தாள். இதை நெவிலிடம் சொன்னால், 'நன்றி சொல்ல ஒரு அரண்மனை வேணுமா? ஒரு தபால் அட்டை போதாதா?' என்று கேட்பார். அதனால் சொல்லவில்லை.

டிசம்பர் முதல் வாரம் அவர்கள் வீட்டுப் பாய்லர் நின்றுவிட்டது.

நெவில் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. உரிமம் காலாவதி. உரிமம் இல்லாதவன் காஸில் கை வைக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், தன் வீட்டுப் பாய்லரின் மூடியைக்கூடத் திறக்க மறுத்தார். டேரனுக்குப் போன் செய்தார். டேரன் பதினைந்து வருடம் அவரிடம் வேலை பார்த்தவன். இப்போது நாற்பது வயதில் சொந்தத் தொழில், இரண்டு வேன். பாய்லரும் வைப்பான், ஹீட் பம்பும் வைப்பான்.

டேரன் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினான்.

"உள்ள எல்லாம் போச்சு, மேஸ்திரி. இதுக்கு இனிமே உதிரி பாகமும் கிடைக்காது. புது காஸ் பாய்லர்னா நாளைக்கே மாட்டிடுறேன். ஹீட் பம்புன்னா மூணு வாரம் ஆகும். ரேடியேட்டரும் பெருசா மாத்தணும். படிவத்துல கையெழுத்து வேற பாக்கி."

"ஹீட் பம்புதான்," என்றார் நெவில்.

"நாளைக்கே சூடு வரும்னு சொல்றான், நீ மூணு வாரம் குளிர்ல கிடக்கலாம்ங்கிற!" என்று க்ளெண்டா கத்தினாள். வாயிலிருந்து புகை போல மூச்சு வந்தது.

"வண்டிக் கொட்டகையில ரெண்டு எலக்ட்ரிக் ஹீட்டர் இருக்கு. எடுத்துட்டு வரேன்." நெவில் எழுந்து வெளியே போனார்.

டேரன் தன் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டே, அவளைப் பார்க்காமல் பேசினான்.

"அவர்கிட்ட மல்லுக்கட்டாதீங்க, க்ளெண்டா. அவர் இதைக் காசுக்காகச் செய்யல."

"காசுக்காகச் செய்யலைன்னு எனக்கும் தெரியும். காசு போகத்தான் போகுது. வேற எதுக்கு?"

"உங்ககிட்ட சொல்லலையா? போன வருஷம் பழைய வேலைச் சீட்டெல்லாம் எரிச்சிடுன்னு எங்கிட்டக் குடுத்தாரு. குடுக்குறதுக்கு முன்னாடி எண்ணிப் பார்த்தாராம். தன் கையால மாட்டுன பாய்லர் மட்டும் மூவாயிரத்துச் சொச்சம். 'இந்தப் பள்ளத்தாக்குல மூவாயிரம் நெருப்பு பத்த வச்சிருக்கேன்டா, டேரன். அந்தப் புகையால வானிலையே கெட்டுப்போய், வருஷா வருஷம் ஆத்து வெள்ளம் கடைத்தெரு வரைக்கும் வருது. சாகுறதுக்குள்ள ஒண்ணையாவது அணைச்சிட்டுப் போறேன்'னார். நான் சிரிச்சேன். அவர் சிரிக்கல."

டேரன் போன பிறகு க்ளெண்டா கோட்டைப் போட்டபடியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வருடம் தன்னோடு குடித்தனம் நடத்தியவர் டேரனிடம் சொன்னதைத் தன்னிடம் சொல்லவில்லையே என்று முதலில் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு இழுப்பறையைப் பார்த்ததும், தான் மட்டும் என்ன சொல்லிவிட்டோம் என்று தோன்றியது. எழுந்து மேசைவிரிப்புகளைத் தூக்கி, நகல்கள் இருந்த உறையை எடுத்தாள்.

நெவில் இரு கையிலும் ஹீட்டரோடு உள்ளே வந்தபோது, மானியப் படிவத்தில் அவள் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள்.

"என்ன இது?"

"போட்டுட்டேன். பதிலுக்கு நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். மூவாயிரத்துல ஒண்ணு கணக்கே இல்ல, ஆனா அணைக்கணும்னா அணைச்சிடு."

நெவில் ஹீட்டர்களைக் கீழே வைத்தார். "டேரனுக்கு வாய் நிக்காது," என்றார்.

"இதையும் படி." உறையை அவர் பக்கம் தள்ளினாள். "உன் பேரை எவனோ ஒரு குமாஸ்தா சீட்டுக் குலுக்கி எடுத்தான்னு சொன்னியே. நான்தான் எழுதிப் போட்டேன். திட்டுறதா இருந்தா படிச்சிட்டுத் திட்டு."

"நீயா? என்னைக் கேக்காமலா?"

"கேட்டா விட்டிருப்பியா?"

நெவில் முகம் சிவந்து நின்றார். கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார் என்று அவள் நினைத்தாள். ஆனால் உட்கார்ந்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, முதல் கடிதத்தை எடுத்தார்.

அவர் படிப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு கடிதமும் அவளுக்கு வரி வரியாகத் தெரியும். ஒரு பெண், பிறந்த குழந்தையோடு பனிக்காலத்தில் வெந்நீர் இல்லாமல் தான் தவித்தபோது நெவில் ஞாயிற்றுக்கிழமை வந்து சரி செய்துவிட்டுப் பணம் வாங்காமல் போனதை எழுதியிருந்தாள். தன் அம்மாவின் கடைசி மூன்று குளிர்காலத்துக்கும் வாரம் ஒருமுறை வந்து, 'சும்மா பாய்லர் அழுத்தம் பார்க்க வந்தேன்' என்று சொல்லி அடுப்படியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார் என்று தபால்காரர் ஒருவர் எழுதியிருந்தார்.

ஏழாவது கடிதத்தில் நெவிலின் தோள் குலுங்கியது. அவள் பதறி எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ராம்ஸ்டன் பாட்டி என்ன எழுதியிருக்கு பாரு. 'திரு. ஹேஸ்லம் கிறிஸ்துமஸ் அன்று வந்து என் பாய்லரைப் பழுது பார்த்தார். புதுக் கம்பளத்தில் சேற்றுக்காலோடு நடந்தார். என் சுவரில் இருந்த மறைந்த மகாராணியாரின் படத்தைப் பார்த்து, இந்தம்மாவின் அரண்மனையைச் சூடாக்கும் செலவை யார் கட்டுகிறார்கள் என்று ஒரு மணி நேரம் பேசினார். இவ்வளவு இருந்தும் இவருக்குப் பதக்கம் தரத்தான் வேண்டும்.'"

"எழுதாதீங்கன்னேன். அது கேக்கல," என்றாள் க்ளெண்டா. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மிச்சக் கடிதங்களைப் படித்து முடிக்க நெவிலுக்கு வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதினோரு பேர் வீட்டுக்கும் நீயே நடந்தியா?"

"ராம்ஸ்டன் பாட்டி வீட்டுக்கு நாலு தடவை."

"இவ்வளவு நன்றியையும் இவங்களே நேரா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே. எதுக்கு லண்டனுக்கு எழுதணும்?"

"நேர்ல சொன்னா நீ நிக்க மாட்ட, நெவ். சொல்றதுக்குள்ள வேன்ல ஏறிடுவ. அதைத்தான் எல்லாரும் எங்கிட்டச் சொன்னாங்க."

நெவில் லண்டன் கடிதத்தை இழுத்து, 'சம்மதம்' என்ற கட்டத்தில் குறி போட்டார். "இவங்களுக்காக," என்றார், கடிதக் கட்டைக் காட்டி. "அந்தாளுக்காக இல்ல."

மூன்று வாரம் என்றது ஐந்து வாரமாயிற்று. கிறிஸ்துமஸை இரண்டு ஹீட்டரோடு ஒரே அறையில் கழித்தார்கள். ஜனவரியில் டேரனும் இரண்டு ஆட்களும் வந்து சுவரைக் குடைந்து, தரைப் பலகையைப் பெயர்த்து, சோபா நீளத்துக்கு ரேடியேட்டர்களை மாட்டினார்கள். பின்பக்கம் ரோஜாச் செடிக்கு அருகில் பெட்டி உட்கார்ந்தது. முதல் நாள் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்த க்ளெண்டா திடுக்கிட்டாள்.

"நெவ்! இது சூடே இல்ல. பூனையைத் தொட்ட மாதிரி இருக்கு."

"அப்படித்தான் இருக்கும். அணைக்காத, விடாம ஓடட்டும். ரெண்டு நாள் பொறு."

மூன்றாம் நாள் வீடு முழுக்க ஒரே பதமாக இருந்தது. மாடி நடையில் அவள் கம்பளிச் சட்டை இல்லாமல் நின்றாள். அந்த வீட்டில் ஜனவரியில் அப்படி நின்றது அவளுக்கு நினைவில்லை. ஆனால் மாதக் கடைசியில் வந்த மின்சார பில், பழைய காஸ் பில்லைவிட ஒன்பது பவுண்டு கூடுதல். நெவில் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, அவளிடமே நீட்டினார்.

"நீ சொன்னது சரிதான். காசா பாத்தா நஷ்டம்."

"இருக்கட்டும். மாடி நடை சூடா இருக்கு," என்றாள் அவள். அவளே அப்படிச் சொன்னதில் அவளுக்கே வியப்புதான்.

மே மாதம் பிரெஸ்டனுக்குப் போனார்கள். நெவில் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டிருந்தார். வழி முழுக்க உதடு அசைந்துகொண்டே வந்தது. மேடையில் சொல்ல ஏதோ ஒரு வாக்கியத்தைத் தயார் செய்கிறார் என்று க்ளெண்டாவுக்குப் புரிந்துவிட்டது.

மன்னர் சார்பில் பதக்கம் கொடுத்தவர் கவுண்டிக்கான அவருடைய பிரதிநிதி, முன்பு கால்நடை மருத்துவராக இருந்த ஓர் உயரமான பெண்மணி. நெவில் பெயரைக் கூப்பிட்டார்கள். க்ளெண்டா இரண்டாவது வரிசையில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க," என்றார் நெவில், அரங்கத்தில் பாதிப் பேருக்குக் கேட்கும்படி. "எனக்கு இந்த மன்னர் ஏற்பாட்டுல நம்பிக்கை கிடையாது. அதுக்குப் போற செலவு தண்டம்னு நினைக்கிறேன். என் வீட்டுக்காரியும் பதினோரு பேரும் எழுதுனாங்க. அவங்களுக்காக வந்தேன்."

அந்த அம்மா முகம் மாறவில்லை. "வருஷத்துக்கு ரெண்டு மூணு பேர் இதைச் சொல்றாங்க, திரு. ஹேஸ்லம். பெரும்பாலும் வாங்கிக்கிட்ட பிறகுதான் சொல்வாங்க. நீங்க முன்னாடியே சொல்லிட்டீங்க." பதக்கத்தை அவர் கோட்டில் குத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டார். நெவில் பதில் சொன்னார். அவர் மறுபடி கேட்டார். நெவில் கையால் காற்றில் ஒரு குழாயை வரைந்து காட்டினார். பின்னால் இருந்தவர்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். ஓர் அதிகாரி வந்து மெல்லத் தோளைத் தொட்ட பிறகுதான் நெவில் இறங்கினார்.

"ரெண்டு பேரும் என்னதான் பேசினீங்க அவ்வளவு நேரம்?" க்ளெண்டா காரில் ஏறியதும் கேட்டாள்.

"அந்தம்மா வீடு இருநூறு வருஷப் பழசாம். எண்ணெய்ப் பாய்லர். குளிர்காலத்துல படுக்கையறையில தொப்பி போட்டுக்கிட்டுத் தூங்குதாம். ஹீட் பம்ப் வச்சா காசுக்கு ஏத்ததான்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"உண்மையைச் சொன்னேன். காசுக்கு ஏத்ததில்ல, ஆனா வைங்கன்னேன்."

க்ளெண்டா வண்டியை நிறுத்துமிடத்திலிருந்து பின்னால் எடுத்தாள். "நான் மன்னர் குடும்பத்தைப் பத்தி அதைத்தானே நாப்பது வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

"நீ அப்படிச் சொன்னதே இல்ல. அவங்களால டூரிஸ்ட் வர்றாங்க, லாபம்னுதான் சொல்லுவ."

"அதையும் சொல்லுவேன்."

"அது பொய்க் கணக்கு, க்ளென். பிரான்ஸ்ல மன்னர் கிடையாது. அங்க டூரிஸ்ட் வரலையா?"

"பிரான்ஸுக்குச் சாப்பாட்டுக்காகப் போறாங்க."

வழியில் பிளாக்பர்ன் ஊரைத் தாண்டும்வரை இந்த வாக்குவாதம் நடந்தது. நடுவில் நெவில் பதக்கத்தைக் கழற்றி அதன் டப்பாவில் வைத்தார். பசிக்கிறது, எங்கேயாவது மீனும் சிப்ஸும் வாங்கிக்கொள்ளலாம் என்றார். பதக்கத்தை நாளைக்கு ராம்ஸ்டன் பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போ என்றாள் க்ளெண்டா. சரி என்றார் அவர்.