ராஜா பயமில்லாமல் சாப்பிட்ட வீடு

ஆகாசம் என்பது அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கூட வேலை பார்க்கும் கைடுகள் வைத்தது. அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு என்பார்களே, அதில் பின்பாதியை எடுத்துச் சுருக்கிவிட்டார்கள். ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு இது எங்கே தெரியப்போகிறது? "என்ன அழகான பேர் சார்!" என்பார்கள். அவனும் பல்லைக் காட்டிக்கொண்டு கோட்டை வாசலுக்கு அழைத்துப் போவான். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. காலை எட்டரைக்கு ஓட்டல் வாசலில் ஆளை ஏற்றி, கோட்டை, அரண்மனை, பழைய கடைத்தெரு என்று நாள் முழுக்கச் சுற்றிக் காட்டி, மாலை ஆறு மணிக்கு அதே வாசலில் இறக்கிவிட வேண்டும்.

அன்று காலை பல்லைக் காட்ட முடியவில்லை. முந்தின நாளே ஏஜென்சி முதலாளி போன் செய்திருந்தார்.

"நாளைக்கு வர்ற மேடம் சும்மா ஊர் பாக்க வரலப்பா. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கற துறையில பெரிய அதிகாரி. அந்த ருசிக்காரர் வீட்டைப் பத்தி கடைசி ரிப்போர்ட் அவங்கதான் எழுதணுமாம். எல்லாரையும் போல ஒருநாள் சுத்திப் பாத்துட்டு எழுதப் போறாங்க. கொஞ்சம் நல்லபடியா பேசு."

நல்லபடியாகப் பேசுவதாம்! பேசிப் பேசித்தானே இந்தக் கதிக்கு வந்தது.

ருசிக்காரர் வீடு என்று ஊரே சொல்லும் அந்த வீட்டில் முப்பத்தைந்து வருஷமாகக் குடியிருப்பது ஆகாசத்தின் அக்கா. வாடகை வீடுதான். வாசலில் போன மாதம் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். 'மன்னருக்கு உணவை ருசி பார்த்துத் தந்த பணியாளர் வாழ்ந்த, வரலாற்றுச் சிறப்புமிக்க இல்லம்' என்பதால் அரசு அதை எடுத்துக்கொள்கிறதாம். இறுதி அறிக்கை வந்ததும் குடியிருப்பவர் காலி செய்துவிட வேண்டுமாம். வீட்டுக்காரர் எப்போதோ சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். குடித்தனக்காரியை யார் கேட்கப் போகிறார்கள்?

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படி ஒரு பணியாளர் இருந்ததே இல்லை. அந்த ஆளையும் அந்த ஆள் பார்த்த ருசியையும் பெற்றெடுத்தது ஆகாசத்தின் திருவாய்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாள். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்றைக் கடைத்தெருவில் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்கு அக்கா வீட்டுக்குள் நுழைந்தார்கள். அக்கா வெளியே போயிருந்தாள். அத்தான் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அந்தப் பெண் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே முன்னறைச் சுவரைக் காட்டிக் கேட்டாள்: "இது யாரோட வீடு சார்? இந்த மாடம் எதுக்கு?"

அது மாடமே இல்லை, கரண்ட் மீட்டர் இருந்த ஓட்டை. மீட்டரை வாசல் பக்கம் மாற்றிய பிறகு அத்தான்தான் உளி வைத்து விளிம்பைச் செதுக்கி, மேலே வளைவு கொடுத்து, சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். வேறு யாராக இருந்தாலும், "எங்க அக்கா வீடும்மா, அது மீட்டர் ஓட்டை" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் நல்ல கைடு ஒருவனுக்கு 'ஒன்றுமில்லை' என்ற சொல் மட்டும் வாயில் வராது. வந்தவர் கை நீட்டிக் கேட்ட இடத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஆகாசம் சுவரைப் பார்த்தான், மழையைப் பார்த்தான், ஆரம்பித்துவிட்டான்.

ராஜாவுக்கு விஷ பயம். சாப்பாட்டை முதலில் ருசி பார்க்க ஓர் ஆள் வைத்திருந்தார். முப்பது வருஷம் அந்த ஆள் வாய் வைத்த பிறகுதான் ராஜா வாய் வைத்தார். கடைசியில் அந்த ஆள் விஷத்தில் சாகவில்லை, வயசாகித்தான் செத்தார். துக்கம் கேட்க வந்த ராஜா இதே தரையில் உட்கார்ந்து, அந்த ஆளின் மனைவி போட்ட சோற்றை யாரும் ருசி பார்க்காமலே சாப்பிட்டார். வாழ்நாளில் அவர் பயமில்லாமல் சாப்பிட்டது அந்த ஒரு வேளைதான். அந்தத் தட்டை வைத்திருந்த மாடம் இது.

கேட்ட பெண் அழுதுவிட்டாள். ஆகாசமே கண்ணைத் துடைத்துக்கொண்டான். என்ன செய்வது, நன்றாக வந்துவிட்டது!

அந்த ஜோடி ஊருக்குப் போய் இணையத்தில் எழுதியது. படித்தவர்கள் மற்ற கைடுகளிடம் கேட்டார்கள். கைடுகளுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: ஒருவன் சொன்ன கதையை இன்னொருவன் விருந்தாளி முன்னால் மறுக்கக் கூடாது. 'ஆமாம்' என்று தலையாட்டி, முடிந்தால் மேலே ஒரு பிடி சேர்த்துச் சொல்ல வேண்டும். மறுக்க ஆரம்பித்தால் யார் பிழைப்புதான் நடக்கும்? ஆளுக்கு ஒரு பிடி சேர்த்தார்கள். ஒருவன் அந்த மனைவிக்கு ஒரு கண் தெரியாது என்றான். இன்னொருவன் ராஜா மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார் என்றான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இது பதினோரு வருஷம் ஊரைச் சுற்றிவிட்டு, அரசாங்க முத்திரையோடு வீடு திரும்பியிருக்கிறது.

அக்காவுக்கு இது பொய் என்று தெரியாது. மீட்டர் வைப்பதற்கு முன்னால் அது மாடமாகத்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். முதல்முதலாக ஒரு கூட்டம் வாசலில் வந்து நின்றபோது அவனைக் கூப்பிட்டுக் கேட்டாள்: "நெஜமாவாடா? நம்ம வீட்டுலயா?" அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாக்கா, புஸ்தகத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டான் பாவி. அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். அவளிடம் அதற்கு முன்னால் அவன் பொய் சொன்னதில்லை.

நோட்டீஸ் வந்த மறுநாளே கைடுகள் சங்கத்துக்கு ஓடினான். "அது நான் விட்ட புளுகுன்னு எல்லாரும் ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க" என்று கெஞ்சினான். சங்கத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க அப்பாவே இந்தக் கதையைச் சொல்வாருடா. நீ பொறக்கறதுக்கு முன்னாடி உள்ள கதை. நீ உண்டாக்கினதா? உனக்கு எதுக்கு இந்தப் பெருமை?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அப்பா சொல்லிக் கேட்டதாக மனுஷன் மனசார நம்பிக்கொண்டிருந்தார்.

இப்போது மேடம் காரில் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கெட்டவராக இருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். தங்கமான மனுஷி. டிரைவரிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். கோட்டையின் நூற்று இருபது படியையும் மூச்சு வாங்க ஏறினார். ஆகாசம் சொன்னதையெல்லாம் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். கோட்டை மதில் மேல் நின்றபோது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"மேடம், அந்த ருசிக்காரர் வீடு..."

"அங்கதான் முக்கியமா போகணும். ஆனா இப்ப சொல்லிடாதீங்க. அந்த இடத்துல நின்னு கேக்கணும்னு ஆசை" என்றார் மேடம்.

அரண்மனையில் இன்னொரு தடவை வாயைத் திறந்தான். நாற்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்தன. அவ்வளவுதான், அதுவும் போயிற்று. ஊரில் பேச்சுக்குப் பேர் போனவன், ஒரு வரி உண்மையை வெளியே தள்ள முடியாமல் காலை முழுக்கத் திண்டாடினான்.

பன்னிரண்டு மணிக்குச் சந்துக்குள் நடந்தார்கள். அக்கா முன்னறையில் தையல் மிஷினில் உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். நாலு தெருப் பிள்ளைகளுக்கும் அவள்தான் தைக்கிறாள். முட்டிவலி வேறு, அத்தானும் போய்ச் சேர்ந்துவிட்டார், இங்கிருந்து அவளைக் கிளப்பினால் எங்கே கொண்டு வைப்பது? ஆகாசத்தின் வீடு ஒற்றை அறை, அதில் அவனோடு சேர்த்து ஐந்து பேர்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றாள் அக்கா. மேடம் உட்காரவில்லை. அந்த மாடத்தின் முன்னால் போய்க் கோவில் சந்நிதியில் நிற்பதைப் போல நின்றார்.

"இப்ப சொல்லுங்க சார்."

ஆகாசம் சொன்னான். "மேடம், இது மீட்டர் ஓட்டை."

மிஷின் நின்றது.

"அந்தக் கதையை நான்தான் கட்டினேன். மழைக்கு ஒதுங்கினப்போ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ராஜாவும் வரல, ஒருத்தரும் சாப்பிடல. இந்த ஓட்டையைச் செதுக்கினது எங்க அத்தான். இது எங்க அக்கா. நான் செஞ்ச தப்புக்கு அவங்களை வெளிய அனுப்பிடாதீங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

அக்காவைத் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. மேடம் நோட்டை மூடினார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. பரிதாபப்பட்டார்.

"உங்க அக்காவா? எனக்கு யாரும் சொல்லலையே" என்றார் மெதுவாக. "உங்க கஷ்டம் புரியுது சார். ஆனா எங்க ஆளுங்க வந்து இந்த மாடத்தைப் பாத்து, இருநூறு வருஷப் பழசுன்னு எழுதியிருக்காங்க."

"சுண்ணாம்புக்கு அடியில சுரண்டிப் பாருங்க மேடம், ஒயர் போன குழாய் இருக்கும்."

"இருக்கலாம். பழைய மாடத்துல பின்னாடி மீட்டர் வச்சிருப்பாங்கன்னு சொல்லிடுவாங்க. அந்தக் கதை எத்தனை புத்தகத்துல வந்திருக்கு தெரியுமா? உங்க சங்கத் தலைவரே கைப்பட எழுதிக் குடுத்திருக்கார்." நோட்டை மறுபடி திறந்துகொண்டு சொன்னார்: "சரி, நீங்க சொல்றதையும் எழுதிக்கறேன். அப்படி எழுதினா, லைசென்ஸ் வாங்கின கைடு தெரிஞ்சே பொய்த் தகவல் பரப்பினார்னு எழுதணும். உங்க லைசென்ஸ் போயிடும். வேற வேலை எதுவும் தெரியுமா உங்களுக்கு? யோசிச்சுச் சொல்லுங்க. எழுதட்டுமா?"

கழுத்தில் தொங்கிய அட்டையை ஆகாசம் ஒரு தடவை தொட்டுப் பார்த்தான். வீட்டில் ஐந்து வாய். ஆனாலும் சொன்னான். அவன் வாழ்க்கையில் உருப்படியாகச் சொன்ன ஒரே சொல் அதுவாகத்தான் இருக்கும்.

"எழுதுங்க மேடம்."

மேடம் பேனாவைத் திறந்தார்.

"அவன் சொல்றதை நம்பாதீங்கம்மா" என்றாள் அக்கா.

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. தம்பி பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கு வீடு போயிடுமேன்னு உளர்றான். சின்னதுலேர்ந்தே அப்படித்தான், எனக்கு ஒண்ணுன்னா பைத்தியமாயிடுவான். இந்தக் கதை எங்க மாமியார் எனக்குச் சொன்னது. நான் கல்யாணமாகி வந்த புதுசுல இந்த மாடத்துல சீப்பை வச்சுட்டேன். 'ராஜா தட்டு இருந்த இடம்டி, அங்க போய் சீப்பு வைக்கறியே'ன்னு திட்டினாங்க. அப்ப இவனுக்குப் பதிமூணு வயசு. இவனா கட்டினான்?"

ஆகாசம் அப்போதுதான் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அக்காவுக்கா இப்படிப் புளுக வரும்? மாமியாராம், சீப்பாம்! அவன் கட்டிய கதையில்கூட இத்தனை உயிர் இல்லை.

"அக்கா, வேண்டாங்கா. மேடம், அவங்க பொய் சொல்றாங்க. எனக்காகப் பொய் சொல்றாங்க!"

"நீ வாயை மூடு" என்றாள் அக்கா. அடிக்கப் போகிறவளின் குரல். "இத்தனை நாள் பேசினது போதும்."

அந்த ஒரு வார்த்தையில் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவளுக்கும் எல்லாம் புரிந்திருக்கிறது: புஸ்தகத்தில் இருக்கிறது என்று அவன் சொன்னது, பத்து வருஷமாக வந்தவர் போனவரிடமெல்லாம் அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டது, எல்லாம். அழுகை வந்தது. அழுதால் மேடம் அதையும் பாசம் என்று நினைத்துக்கொள்வார். உண்மையைச் சொல்லியாயிற்று, கெஞ்சியாயிற்று. இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது? நூலறுந்த மிஷினாகச் சும்மா ஓடிக்கொண்டிருந்தது அவன் வாய். "மேடம்... மேடம்..."

மேடம் எழுதிக்கொண்டிருந்தார். மாமியார், சீப்பு, எல்லாவற்றையும்.

"இதுதாம்மா எங்களுக்கு வேண்டியிருந்தது" என்றார் அக்காவிடம். "வீட்டுல வாழ்ந்தவங்க வாயால ஒரு சாட்சி. ரொம்ப நன்றி. உங்களுக்கு மாத்து இடம் ஏதாவது கிடைக்குமான்னு நானும் கேட்டுப் பாக்கறேன். உறுதியா சொல்ல முடியாது."

"பரவால்லம்மா. அவனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"அவருக்கு என்ன ஆகப்போகுது? அவர் சொன்னதை நான் எழுதவே இல்லையே."

பையிலிருந்து கேமராவை எடுத்தார். மாடத்துக்கு நேராக வைத்துப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "உள்ள இருக்கறதைக் கொஞ்சம் எடுத்துடலாமாம்மா?"

அக்கா ஒவ்வொன்றாக எடுத்தாள். பொத்தான் டப்பா, முட்டிவலி மாத்திரை, மூக்குக்கண்ணாடி, வீட்டுச் சாவி. எங்கே வைப்பது என்று ஒரு நிமிஷம் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஆகாசம் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"கொஞ்சம் தள்ளிக்கறீங்களா? படத்துல நீங்க வர்றீங்க."

அக்கா ஓரடி நகர்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

முன்னறை சின்னது. மிஷின் ஒரு பக்கம், மேடம் ஒரு பக்கம். நகர இடம் இல்லாமல், சாமான்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முட்டியை மெல்ல மடக்கி, அக்கா வாசற்படி இறங்கித் தெருவில் போய் நின்றாள்.

"இப்ப சரியா இருக்கு" என்றார் மேடம்.